மலைக்கு அப்பால் இரண்டு மான்கள்

சிங்கம் விரட்டியடித்ததால் கொம்பன், புள்ளி என்ற இரண்டு மான்கள் மலையைக் கடந்து, அயல்காட்டில் ஒரே புதரடியில் பிழைத்துவந்தன.

அந்தச் சிங்கத்துக்கும் வடகாட்டுப் புலிக்கும் போர் மூண்டது. இரண்டுமே தத்தம் காட்டு மான்களைத்தான் போர்முனைக்குத் துரத்தின.

“முதலில் நம்ம காடு பிழைக்கட்டும். சிங்கத்தை அப்புறம் பார்த்துக்கலாம்” என்றது கொம்பன்.

“அதுக்கா வால்பிடிக்கிறாய்? சிங்கம் தோற்றால்தான் நமக்கு விடிவு!” என்றது புள்ளி.

அன்றிலிருந்து தனித்தனியே மேய்ந்தன.

ஒருநாள் புள்ளியின் தம்பி, வயிறு கிழிந்த நிலையில் மலையிறங்கி வந்து விழுந்தது. இரண்டும் ஓடிவந்தன.

“அண்ணா, தண்ணீர்...”

“யார் ஜெயிக்கிறது? புலிதானே? சொல்லுடா!” என்று உலுக்கியது புள்ளி.

தம்பியின் வாய் திறந்தது, தலை சாய்ந்துவிட்டது.

“சிங்கம்னு சொல்லத்தான் வாயைத் திறந்தான்” என்றது கொம்பன்.

புள்ளி அழவில்லை. மறுத்துப் பேசத் தொடங்கியது.