ஐந்து எழுத்தில் ஒரு பெயர்

கதை எழுதிப் பழகாத கை இது. பெரியவர்கள் எழுதும் பக்கத்தில் துணிந்து நுழைந்துவிட்டேன். குறையிருப்பின் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

“பையைத் திற, ராட்கா” என்றாள் டெசாங்கா டீச்சர்.

சிரேனியானின் நகரில், மிலுங்காவின் சமையலறையில் வியாழக்கிழமைதோறும் கூடும் வாசகர் கூட்டம் அது. படித்துக்கொண்டிருக்கும் கதையைப் பற்றிப் பேசவும், பிடித்த நாவலைக் கைமாற்றிக்கொள்ளவும் வந்தவர்கள், அன்று காபியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அலமாரியின் உச்சியில் மூடிபோட்ட பெரிய பீங்கான் வாத்து மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“எதுக்கு டெசா?” என்ற ராட்கா, மடியிலிருந்த பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“எதுக்கா? என் ‘உப்புப் படகு’ எங்கேன்னு கேக்கறேன்.”

‘உப்புப் படகு’ மறுபதிப்பே காணாத நாவல். டெசாங்காவுக்கு அதைவிடப் பெரிது, பக்க ஓரங்களில் காலஞ்சென்ற கணவர் பென்சிலால் எழுதிவைத்த குறிப்புகள். அவருடைய கையெழுத்து என்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

இரண்டு வாரங்களுக்கு முன்பு முதன்முறையாக அதைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தாள். பல் பிடுங்கிக்கொள்ள நேரமாகிவிட்டதால் பாதியில் எழுந்தவள், எந்தப் புத்தகம் யாரிடம் என்று குறித்துவைக்கும் நோட்டில் நாவலின் பெயரைத் தன் மணிமணியான சிரிலிக் எழுத்தில் எழுதி, ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரி லாசரிடம் நீட்டினாள்.

“யாராவது கேட்டா குடுங்க. கேக்கலேன்னா பத்திரமா வைங்க. எங்கேன்னு பக்கத்துக் கட்டத்துல எழுதிடுங்க. உங்க லத்தீன் எழுத்து வேணாம், நம்ம எழுத்துல எழுதுங்க.”

“அறுபது வருஷப் பழக்கம், டீச்சர். நான் சொன்னாலும் கை கேக்காது” என்று சிரித்தார் லாசர். அவர்கள் ஊரில் ஒரே மொழியைச் சிரிலிக், லத்தீன் என இரண்டு எழுத்திலும் எழுதுவார்கள்.

அந்தச் சனிக்கிழமையே அவர் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கத்துக்குப் பின் கூடிய முதல் வியாழன் இது. நோட்டைத் திறந்தால், எப்போதும் ஆள் பெயர் இருக்கும் அந்தக் கட்டத்தில் பெரிய பெரிய எழுத்தாக ஐந்தே எழுத்து இருந்தது. டெசாங்கா படித்தாள்: ர், ஆ, ட், க், ஆ. ராட்கா.

“லாசரே எழுதி வச்சுட்டுப் போயிருக்கார். செத்தவர் பொய் சொல்வாரா?”

“சத்தியமா நான் அதைத் தொடவே இல்ல, டெசா. அன்னிக்கு நான் எடுத்துட்டுப் போனது மிலுங்காவோட துப்பறியும் கதை.”

“அப்போ அடக்கத்தன்னிக்கு நாற்பதாம் பக்கத்து ஓரத்துல என் புருஷன் எழுதினதை அப்படியே ஒப்பிச்சியே? புத்தகம் கையில இல்லாம எப்படித் தெரியும்?”

“நீதான் ஒவ்வொரு குளிர்காலமும் வாசிச்சுக் காட்டறியே! எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு.”

“கேட்டுக்கிட்டீங்களா? மனப்பாடமாம்!”

ராட்கா பையை மேசைமேல் கவிழ்த்தாள். மூக்குக்கண்ணாடி, துப்பறியும் கதை, ஈரத் துணியில் சுற்றிய ரொட்டி. “உனக்காகத்தான். பல்லு வலிக்குமேன்னு மெத்துனு சுட்டேன்.”

டெசாங்காவின் முகம் இளகவில்லை. “சரி, அப்போ புத்தகம் வீட்டுல இருக்கு.”

“விடுங்க டீச்சர், ஒரு புத்தகத்துக்குப் போய்…” என்று இழுத்தாள் மிலுங்கா.

“ஒரு புத்தகமா!”

ராட்கா எழுந்தாள். இருவரும் முப்பது ஆண்டுகளாக ஒரே மாடியில் எதிரெதிர் கதவுக்காரர்கள். இரு வீட்டுச் சாவிகளும் இருவரிடமும் இருந்தன. “வா டெசா, வந்து தேடிக்கோ. ஆனா தேடணும்னு வாசப்படி தாண்டிட்டேன்னா, அதுக்கப்புறம் காபிக்குன்னு வராதே.”

டெசாங்கா வாசற்படியைத் தாண்டினாள். அலமாரி, கட்டிலடி, மாவு டின் வரை துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. ‘எங்கேயோ நல்லா ஒளிச்சிருக்கா’ என்ற எண்ணத்தோடு திரும்பிவந்து, தன் கதவை இருமுறை பூட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் வியன்னாவிலிருந்து ராட்காவின் மகன் கார் எடுத்துக்கொண்டு வந்தான். ராட்கா அவனோடு போன பிறகு, டெசாங்காவின் வீட்டுச் சாவி அவளுடைய தபால் பெட்டியில் கிடந்தது. கடிதம் ஏதும் இல்லை. ‘குற்றமுள்ள நெஞ்சு. அதான் ஓடிட்டா’ என்று டெசாங்கா எல்லோரிடமும் சொன்னாள்.

லாசரின் நாற்பதாம் நாள் வந்தது. அவருக்குப் படைக்கும் இனிப்புக் கோதுமையை எதில் வைப்பது என்று யோசித்த மிலுங்கா, முக்காலி போட்டு ஏறி அந்தப் பீங்கான் வாத்தை இறக்கினாள். “விசேஷத்துக்குத்தான் இதை எடுக்கறது. இன்னிக்கு என்னமோ கனமா இருக்கே!”

மூடியைத் திறந்தாள். உள்ளே, சுத்தமான துண்டில் சுற்றியபடி ‘உப்புப் படகு’ இருந்தது.

டெசாங்கா நோட்டைப் பாய்ந்து எடுத்தாள். “பொய்! இங்க பாரு, ராட்கான்னுதானே போட்டிருக்கு?”

மிலுங்கா அந்தக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தாள். ஐந்து எழுத்துக்கும் சிரிலிக்கிலும் லத்தீனிலும் ஒரே வடிவம்தான். முதலெழுத்தின் ஓசை மட்டும் மாறும்: சிரிலிக்கில் ‘ர்’ என்றால் லத்தீனில் ‘ப்’.

“எழுதினவர் லாசர். அவர் எழுத்துல படிங்க, டீச்சர். பாட்கா” என்றாள் அவள். “வாத்து.”

நோட்டின் கடைசிப் பக்கத்தில், தொலைந்தவற்றின் பட்டியலில் ‘உப்புப் படகு’ என்றிருந்த வரியை டெசாங்கா அடித்தாள். பிறகு அதன் கீழே கணக்கைத் திருத்தி எழுதினாள்.

தொலைந்தவை: புத்தகம், இல்லை. ஆள், ஒன்று.