அப்பாவுக்குக் குரல்

கடைசிக் காட்சியில் சிஹாபுதீன் பேசவே இல்லை.

திரையில் கதையில் வரும் அப்பாவின் உதடு அசைகிறது, கை அசைகிறது, சத்தத்தை மட்டும் காணோம். கூட்டத்துக்குப் பின்னால் நின்று புரொஜெக்டரை ஓட்டிக்கொண்டிருந்த தேவதாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சும்மாவா எடுத்த படம்? அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா வேலையும் பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக இரண்டு வருஷம் அவன் எடுத்தது. கேமரா, போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் சிஹாபுதீனுடையது. மகளாக நடித்தது தையல் வேலை செய்யும் பூங்காவனம். அப்பா வேஷம், லோரியில் மூட்டை ஏற்றும் ராஜரத்தினத்துக்கு. நாலு பேரும் ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, ஒருத்தரை ஒருத்தர் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு எடுத்தார்கள்.

அந்தக் கேமராவில் குரல் பதியாது. படம் ஓடும்போது திரைக்குப் பின்னால் நின்று மைக்கில் பேசிவிடலாம் என்று ஏற்பாடு.

படத்தைத் திரையிட இருந்த மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு இரண்டு மாசம் இருக்கும்போது ராஜரத்தினம் காய்ச்சலில் படுத்தார். எழுந்திருக்கவே இல்லை. நடித்து முடித்துவிட்டார், பேசத்தான் ஆள் இல்லை.

"அண்ணன் குரல் எனக்கு வரும். நான் பேசறேன்" என்று சிஹாபுதீன்தான் முன்னால் வந்தான். சொன்னபடியே இன்றைக்குப் படம் முழுக்கப் பேசவும் செய்தான். அச்சு அசல் ராஜரத்தினம்தான்.

அப்புறம் ஏன் பஸ் நிலையக் காட்சியில் இப்படி? மகள் வேலைக்காகச் சிங்கப்பூர் போகிறாள், அப்பா வழியனுப்புகிறார். படத்தை எடுத்ததே அந்தக் காட்சிக்காகத்தான். ஒலிபெருக்கியில் பூங்காவனத்தின் குரல் மட்டும் "வரேம்பா, உடம்பைப் பாத்துக்குங்க" என்கிறது. அப்பா ஊமையாக நிற்கிறார்.

படம் முடிந்தது. கைதட்டல் இல்லை. காஜா பேராங் திடலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பேச்சு மூச்சில்லாமல் எழுந்து போனார்கள். இரண்டு வருஷ உழைப்பும் பாழ் என்று தேவதாஸ் முடிவே கட்டிவிட்டான்.

விறுவிறுவென்று திரைக்குப் பின்னால் போனான்.

"தொண்டை அடைச்சுப் போச்சா?"

சிஹாபுதீன் மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். "இல்லலா."

"வசனம் மறந்துபோச்சா?"

"மறக்கல."

"அப்ப என்னடா கேடு உனக்கு? செத்துப்போன மனுசன். கடைசியா ஒரு தடவை அவரைப் பேச வைக்கத்தானே இவ்வளவு பாடு. துக்கத்துல இருக்கேன், வரலன்னு சொன்ன அஞ்சலை அண்ணியை, 'உங்க புருஷன் பேசறதைக் கேக்க வாங்க'ன்னு கெஞ்சிக் கூட்டிவந்து முன்வரிசையில உட்கார வச்சேன். இனிமே அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

பக்கத்தில் நின்ற பூங்காவனம் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"கூட்டத்துக்குப் பின்னால நின்ன உங்களுக்கு எதுவுமே கேக்கலையாண்ணே?"

"அந்த மிஷின் போடற கூச்சல்ல என்னத்தம்மா கேக்கும்?"

"ராஜரத்தினம் அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுண்ணே. உங்ககிட்ட சொல்ல வெக்கம். நீங்க குடுக்கற வசனக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோயிடுவாரு. வேலை விட்டு வந்ததும் அண்ணிதான் படிச்சுப் படிச்சு மனப்பாடம் பண்ண வைப்பாங்க. இந்தக் கடைசிக் காட்சிக்கு மட்டும் ஒரு மாசம் உட்கார்ந்தாங்களாம்."

தேவதாஸ் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. ராஜரத்தினம் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பிக்கும்போதெல்லாம், பெரிய ஞாபகசக்திக்காரர் என்று கேலி பண்ணியிருக்கிறான்.

"நான் பேசலாம்னுதான் மைக்கைக் கிட்ட இழுத்தேன்" என்றான் சிஹாபுதீன். "அதுக்குள்ள திரைத்துணிக்கு அந்தப் பக்கம் அண்ணி ஆரம்பிச்சுட்டாங்க. 'அழாம போம்மா, நான் எங்க போயிடப் போறேன்'னு. அவரு உதடு அசைய அசைய, ஒவ்வொரு வார்த்தையும். தான் சத்தமா சொல்றோம்னுகூட அவங்களுக்குத் தெரியல. முன்னால இருந்த சனம் அதைக் கேட்டுத்தான் அப்படியே அடங்கிப்போச்சு."

"அவங்க சொன்னா சொல்லட்டும், நீயும் மைக்குல பேசியிருக்கலாம்ல?" என்றான் தேவதாஸ். குரல் இறங்கிவிட்டது.

"புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கிட்டு இருக்கறப்ப, நடுவுல பூந்து நான் எப்படிடா பேசறது?"