கப்பல்காரன் கடிதம்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, சத்தியம்.

“இந்தக் கருத்தரங்குலயும் கூட்டம் பாதியில எழுந்து போனா, உங்களுக்கு இதான்யா கடைசி மேடை,” என்று மொழிபெயர்ப்பாளரை எச்சரித்திருந்தார் துறைத்தலைவர்.

வெளிநாட்டு அறிஞர் தம் மொழியில் வாசிக்க வாசிக்க, நானூறு ஆண்டுகளுக்கு முன் புயலில் சிக்கிய கப்பல் சமையற்காரன் மனைவிக்கு எழுதிய கடிதத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார் மொழிபெயர்ப்பாளர். ஒருவரும் அசையவில்லை. துறைத்தலைவரே மூக்கைச் சிந்தினார்.

“மனுஷன் எப்படி உருகி எழுதியிருக்கான். அடுத்த வருஷமும் நீங்கதான்யா.”

அறிஞர் மொழிபெயர்ப்பாளரின் காதருகே குனிந்து தம் மொழியில் கேட்டார். “முப்பது வருஷமா இதை வாசிக்கிறேன். எங்கேயும் யாரும் அழுததில்லையே?”

“இவங்க ரசிகருங்க ஐயா.”

அறிஞர் அந்த ஒரு மணி நேரமும் வாசித்தது, கப்பலில் ஏற்றிய ஆணி, கயிறு, பீப்பாய்களின் பட்டியல்.