அம்மாசிக்கு ஒரு குவளை

மலேசியாவில், பாடாங் மேஹா தோட்டத்தில் என் கள்ளுக்கடை துரைமார் காலத்திலிருந்தே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் இறந்துபோன அம்மாசிக்கு, வெள்ளிக்கிழமைதோறும் கடை சாத்தும்போது ஒரு குவளை கள் வைப்போம். அவர் உட்காரும் பெஞ்சில்தான் வைப்போம். மறுநாள் குவளை காலியாக இருக்கும். அந்தப் பெஞ்சில் இப்போது யாரும் உட்காருவதில்லை.

"ஆவி குடிக்கிற கடைக்கு யாருண்ணே வருவா? பூசாரியைக் கூப்பிட்டு விரட்டுங்க லா!" என்றான் கடையில் வேலை செய்யும் விக்னேஸ்வரன்.

அம்மாசியின் மனைவி மருதம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்கப் போனேன். இந்தக் கடையை மூடச் சொல்லி விளக்குமாற்றோடு வந்து நின்றவள். குடித்துவிட்டு வந்த புருஷனுக்கு ஒருநாளும் கதவைத் திறக்காதவள். 'செத்தும் திருந்தலையா அந்த மனுசன்?' என்று சீறுவாள் என நினைத்தேன்.

"விரட்ட வேணாம், ரஃபேல் அண்ணே," என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை விடியும்போதே கடைக்குள் போய், பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பூட்டில்லாத பின்கதவு மெல்லத் திறந்தது. பீப்பாயோடு ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

வந்தது மருதம்மாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கசாயம் குடிப்பதுபோல் கள்ளை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

"என்னம்மா இது?"

திடுக்கிட்டுத் திரும்பியவள் முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"குவளை அப்படியே கிடந்தா, அவரு இனிமே வரமாட்டாருன்னு ஆயிடும்ல அண்ணே?"

அடுத்த வெள்ளிக்கிழமை அரைக் குவளைதான் ஊற்றி வைத்தேன்.

"என்னண்ணே, அம்மாசிக்குப் பாதிதானா?" என்றான் விக்னேஸ்வரன்.

"வீட்டுல திட்டுறாங்களாம். குறைச்சுக்கிட்டாரு."