பேரம் பேசாதவர்

எட்டாயிரம் என்று தட்டினாள். அழித்தாள்.

பன்னிரண்டாயிரம்.

அதையும் அழித்தாள்.

வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து தருகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இவர்தான் முதல் வாடிக்கையாளர். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் கம்பெனியாம். ஐந்தே பக்கம் போதுமாம். எவ்வளவு ஆகும் என்று காலையில் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்.

கேள்வி சின்னதுதான். அதற்குப் பதில் சொல்ல முடியாமல்தான் இட்லி தட்டிலேயே காய்ந்து கிடந்தது.

கூட்டிக் கேட்டால் ஓடிவிடுவார். குறைத்துக் கேட்டால் இளக்காரமாகிவிடும்.

கூடப் படித்த யாஸ்மினுக்குப் போன் போட்டாள். அவள் இந்தத் தொழிலில் ஆறு மாதம் மூத்தவள். அந்த மிதப்பு குரலிலேயே இருந்தது.

"மனசுல இருக்கிறத ரெண்டு மடங்கா கேளுடி. பாதிக்கு அடிப்பாங்க. அப்ப சரியா வந்து நிக்கும்."

மனதில் இருந்தது பத்து.

ஆகவே இருபதாயிரம்.

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். எங்கெங்கே இறங்கி வரலாம் என்று யோசித்தாள். முதலில் பதினெட்டு. அப்புறம் பதினைந்து. ரொம்பவும் முறுக்கினால் பத்து. அதற்குக் கீழே போகக் கூடாது என்று தனக்குத் தானே கறாராகச் சொல்லிக்கொண்டாள்.

போன் அதிர்ந்தது.

"சரி மேடம்."

அவ்வளவுதான்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏனோ பயமாகவும் இருந்தது. கொத்தமல்லிக் கட்டுக்கே இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்கிற ஊர் இது.

கூடத்தில் அம்மா சேலை மடித்துக்கொண்டிருந்தாள். தவணைக்குச் சேலை கொடுத்துக் குடும்பத்தை ஓட்டுகிறவள். விஷயத்தைக் கேட்டதும் கை நின்றது.

"பேரம் பேசாம எடுக்கிறவகிட்டதான் உஷாரா இருக்கணும். அவ கைக்காசக் குடுக்கப்போறதில்ல."

சேலையும் வெப்சைட்டும் ஒன்றா? சிரித்துவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் பணம் வந்தது. முன்பணம் இல்லை, முழுத் தொகையும்.

அனுப்பியவர் பாண்டிமீனா என்று போன் காட்டியது. அவர் மனைவியாக இருக்கும். இல்லாவிட்டால் ஆபீசில் கணக்குப் பார்க்கிறவராக இருக்கும். யாராயிருந்தால் என்ன? அம்மாவின் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள். அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"யாரோ மகராசி. நல்லா இருக்கட்டும்."

உயிரைக் கொடுத்து வேலை செய்தாள். விமானம் பறக்கும் படம். சிரிக்கும் முகங்கள். இடம் சில மட்டுமே, இன்றே பணம் கட்டிப் பதிவு செய்யுங்கள் என்று அவர் சொன்ன வரி, சிவப்பில்.

தொடர்புக்கு என்ற பக்கத்துக்கு மட்டும் அவர் எதுவும் தரவில்லை. மாதிரிக்கு இருக்கட்டும் என்று தன் போன் நம்பரையும் தன் வீட்டு முகவரியையும் போட்டுக் காட்டினாள். புதிதாகத் தொழிலுக்கு வருகிற எல்லோரும் செய்வதுதான். கடைசியில் மாற்றிவிடலாம்.

"அதுவே இருக்கட்டும் மேடம்," என்றார் போனில். "ஆபீஸ் மாத்திட்டு இருக்கோம். புது அட்ரஸ் வந்ததும் தர்றேன். அதுவரைக்கும் யாரும் கூப்பிட மாட்டாங்க."

வேண்டாம் சார் என்று வாய் வரை வந்தது.

கேட்ட காசை மறுபேச்சில்லாமல் கொடுத்த மனிதர். இத்தனூண்டு விஷயத்துக்கு முகத்தில் அடித்தாற்போல் எப்படி மறுப்பது?

மாற்றவில்லை.

வெப்சைட் ஓடத் தொடங்கியது. பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

அடுத்த வாரமே இரண்டாவது ஆள் வந்தார். ஜவுளிக்கடைக்கு வேண்டுமாம். எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.

முப்பதாயிரம் என்று தட்டினாள்.

இந்த முறை அழிக்கவில்லை.

அனுப்பப் போகும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு ஆண் குரல், தயங்கித் தயங்கி.

"விசாவுக்குப் பணம் கட்டுனேங்க. எப்பன்னு மட்டும் சொல்லுங்க. பழைய வேலைய விட்டுட்டேன்."

கம்பெனிக்காரரைக் கேளுங்கள் என்று அவருடைய நம்பரைச் சொன்னாள்.

"அது போக மாட்டேங்குதுங்க. உங்க நம்பர்தான் போகுது."

அவளும் போட்டுப் பார்த்தாள். உபயோகத்தில் இல்லை என்றது.

மறுபடி போட்டாள்.

உபயோகத்தில் இல்லை.

அவசரமாகத் தொடர்புப் பக்கத்தைத் திறந்தாள். தன் போன் நம்பரும் தன் தெருவும் தன் வீட்டு எண்ணும் பளிச்சென்று இருந்தன. அவளே பார்த்துப் பார்த்துப் பெரிய எழுத்தில் வைத்தது.

வெளியே கேட்டின் கொக்கி விழுந்தது.

சன்னல் வழியாகப் பார்த்தாள். ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். முன்னால் நின்ற பெண் கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த கதவு எண்ணைப் பார்த்தாள்.

அம்மா முந்திக்கொண்டாள். அவளுக்குக் கூட்டத்தைக் கண்டால் போதும்.

"வாங்க, வாங்க. சேலைக்குத்தானே? இருங்க, பாய் விரிக்கிறேன். பேரு என்னம்மா?"

"பாண்டிமீனா."

உள்ளே இவள் தொடர்புப் பக்கத்திலிருந்த முகவரியை அழித்தாள்.

"அட, நீங்கதானா அது!" அம்மாவின் குரல் மலர்ந்தது. "ஒத்தப் பைசா குறைக்காம அனுப்புன மகராசி. அந்தக் காசு வந்தது என் மகளுக்குத்தான். உள்ளதான் இருக்கா, உக்காருங்க."



செருப்புகளை ஒவ்வொருவராகக் கழற்றும் சத்தம் மட்டும் கேட்டது.