இரண்டு கிளிக்

மொன்டானாவில் மான் வேட்டைப் பருவம் தொடங்குமுன் நடக்கும் துப்பாக்கிப் பயிற்சிக்கு, ஐம்பது வயது வெர்னா துப்பாக்கியே இல்லாமல் வந்திருந்தாள். பயிற்சியாளர் கர்ட் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

“சமையல் குறிப்புன்னு நினைச்சுட்டாங்க போல!” என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

கர்ட் துப்பாக்கியின் மேல் குறிபார்க்கப் பொருத்தியிருந்த ஸ்கோப்பின் திருகைக் காட்டினார். “ஒரு டிகிரி கோணத்தை அறுபதாப் பிரிச்சா, ஒரு பங்கு ஒரு மினிட். நூறு கஜ தூரத்துல அது ஒரு அங்குலம். இந்தத் திருகை ஒரு கிளிக் திருப்பினா, குண்டு படுற இடம் கால் அங்குலம் நகரும். தூரம் ரெட்டிப்பானா நகர்றதும் ரெட்டிப்பு.”

வகுப்பு கலைந்த பின்னும் வெர்னா போகவில்லை.

“இருநூறு கஜத்துல ரெண்டு கிளிக் பிசகினா?”

“ஒரு அங்குலம் தள்ளிப் படும். அப்பவும் மான் விழுந்துடும்.”

“பத்தடி தள்ளிப் படணும்னா?”

கர்ட் மனக்கணக்குப் போட்டுச் சிரித்தார். “இருநூத்தி நாப்பது கிளிக்! அது தானாப் பிசகாதுங்க, உக்காந்து திருகணும். எதுக்குக் கேக்குறீங்க?”

“ஏழு வருஷம் முன்னால என் வீட்டுக்காரர் ஆர்லன் வேட்டையில, இருநூறு கஜத்துல இருந்து சுட்ட குண்டு பட்டுச் செத்தார். மான் அவருக்குப் பத்தடி தள்ளி நின்னுச்சு. ‘ஸ்கோப் ரெண்டு கிளிக் பிசகிடுச்சு’ன்னு சுட்டவர் என் முன்னால முட்டி போட்டு அழுதார். நானும் நம்பி மன்னிச்சேன்.”

கர்ட்டின் சிரிப்பு நின்றது. “யாரு அந்த ஆளு? இப்ப எங்க இருக்கான்?”

வெர்னா நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

“என் வீட்டுலதான். அடுத்த வருஷமே அவரைத்தான் கட்டிக்கிட்டேன்.”