எப்ப எடுக்குறீங்க?

“எப்பண்ணே எடுக்குறீங்க?”

ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார் பாலம் கட்டும் கம்பெனியின் இஞ்சினியர் வெங்கடேஷ்பாபு. தெருவுக்குள் ஒரு வீட்டு வாசலில் கூட்டம். உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் அலறல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

குழிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆட்டோக்காரர் மொக்கைச்சாமி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கக்கத்தில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

“நாங்க அப்பவே ரெடி சார். நீங்க வழி விட்டா இந்தா எடுத்துருவோம்.”

ஆரப்பாளையத்தை ஒட்டிய அந்தத் தெருவின் வாயில்தான் பறக்கும் பாலத்துக்குத் தூண் வருகிறது. ஐப்பசியில் குழி வெட்டினார்கள். இப்போது பங்குனி, தூண் வரவில்லை, குழி மட்டும் குறையில்லாமல் இருக்கிறது. பாலம் வந்தால் ஊருக்குள் நுழையாமலே ஊரைத் தாண்டிவிடலாமாம். தெருக்காரர்கள் தெருவைத் தாண்ட முடியாததெல்லாம் சில்லறை விஷயம். பூமி பூஜைக்கு வெடி போட்டுக் கைதட்டியதும் இதே தெருதான், யாரை நோவது?

ஆள் தாண்ட ஒற்றைப் பலகை உண்டு. சர்க்கஸ் தெரிந்தவர்கள் தாண்டலாம். தண்ணி லாரியும் குப்பை வண்டியும் ஸ்கூல் வேனும் சர்க்கஸ் படிக்கவில்லை. 108 ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுகொண்டு சைரனை மட்டும் உள்ளே அனுப்பிவைக்கும். மொக்கைச்சாமியின் ஆட்டோ உள்ளேயே மாட்டிக்கொண்டு, தெருவே துணி காயப்போடும் இடமாகிவிட்டது.

“குழி மேல ஒரு இரும்புத் தகடு போட்டு விடுங்க சார்” என்று எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது.

“டிராயிங்ல இல்லையேண்ணே” என்பார் இஞ்சினியர். டிராயிங்கில் அந்தத் தெருவே இல்லை என்பது வேறு கதை.

வீட்டுக்குள்ளிருந்து பக்கத்து வீட்டு ஒச்சாயி ஓடிவந்தாள். “இன்னும் என்னய்யா அங்க பேச்சு? வெரசா எடுங்கய்யா, இதுக்கு மேல தாங்காது!”

“வெயிலு அப்படி. எப்படித் தாங்கும்?” என்று உச்சுக்கொட்டிய இஞ்சினியர் போனை எடுத்தார். “சார், தெருவுல எடுக்கணுமாம். வழி விடலைன்னா நடுரோட்டுல வச்சு மறியல் பண்ணிருவாய்ங்க. டிவிக்காரய்ங்க வேற வந்துருவாய்ங்க.”

போனுக்கு அந்தப் பக்கம் யாரும் டிராயிங்கைப் பற்றிப் பேசவில்லை. எத்தனை தடவை கேட்டும் கிடைக்காத அந்த இரும்புத் தகடு, குழிக்குப் பத்தடி தள்ளித்தான் இத்தனை மாதமும் படுத்துக் கிடந்திருக்கிறது. கிரேன் வந்து அலுங்காமல் தூக்கிக் குழி மேல் வைத்தது.

“ஆட்டோவுலயாண்ணே கொண்டுபோறீங்க?”

“வேற வண்டி எங்க சார் உள்ள வந்துச்சு?”

“தத்தனேரி சுடுகாட்டு ரோட்டுல டிராபிக்க நிப்பாட்டச் சொல்லவா?”

“மொதல்ல பெரியாஸ்பத்திரிக்குப் போறோம் சார். அந்தப் பக்கம் சொன்னீங்கன்னா புண்ணியமாப் போகும்.”

“ஓ... போஸ்ட்மார்ட்டமா?” இஞ்சினியர் தலையைக் குனிந்துகொண்டார். மொக்கைச்சாமி ஆட்டோவை நோக்கி ஓடினார்.

காலையில் பாலத்தைப் பார்வையிட வருவதாக இருந்த பெரிய மனிதர் வராததால், சைட் ஆபீசில் ஆளுயர ரோஜா மாலை ஒன்று மிச்சம் இருந்தது. அதை இஞ்சினியர் தானே தூக்கிக்கொண்டு வந்து தகட்டின் ஓரம் நின்றார். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. நல்ல மனிதர்தான், டிராயிங்கில் அது காட்டப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆட்டோ தகட்டின் மேல் தடதடவென்று ஏறியது. பின் சீட்டில் ஒச்சாயியின் மடியில் தலையைச் சாய்த்து, அந்த வீட்டுப் பெண் இந்துப்ரியா வீறிட்டுக்கொண்டிருந்தாள். துக்கம் தாங்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டார் இஞ்சினியர். மாலையோடு ஆட்டோவை ஒட்டியே ஓடினார்.

“அண்ணே, கம்பெனி சார்பா மாலை... இறந்தவரு பேரு என்னண்ணே?”

மொக்கைச்சாமி பிரேக்கில் கால் வைக்கவில்லை.

“பொறந்ததும் வைக்கிறோம் சார்!”